கத்தாத கோழி

அந்த வீடியோ 11 நிமிடம் ஓடும். முதல் 9 நிமிடத்தில் ஒன்றுமே நடக்காது. சாம்பல் நிறக் கோழி ஒன்று சுவரோரமாக நிற்கிறது. இறகெல்லாம் உப்பியிருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, வலது காலை மடக்கி வயிற்றோடு ஒட்டி வைத்திருக்கிறது. பிறகு என் செருப்புச் சத்தம் கேட்கிறது. உடனே அது காலைக் கீழே ஊன்றுகிறது, கழுத்தை நிமிர்த்துகிறது, தரையைக் கொத்த ஆரம்பிக்கிறது. தரையில் தீனி எதுவும் கிடையாது, வெறும் மண். நான் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்வதும் அதில் பதிவாகியிருக்கிறது.

முட்டைக்காக ஆறு கோழிகள் வளர்த்துவந்தேன். சின்ன வயதிலிருந்தே கறி சாப்பிடுகிற ஆள். விலங்குகளுக்கு வலிக்குமா என்று யாராவது கேட்டால், “வலிக்கும்தான், ஆனா நம்ம மாதிரி இருக்காது” என்று ஒரு பதிலைக் கைவசம் வைத்திருந்தேன். ‘நம்ம மாதிரி’ என்றால் எந்த மாதிரி என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

வீடியோ எடுக்கச் சொன்னவர் கால்நடை மருத்துவர். சாம்பல் கோழி ஒரு வாரமாக முட்டை வைக்கவில்லை என்று போனில் சொன்னேன். வேறு ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்றார். இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன். “நீங்க பார்க்கும்போது சாப்பிடுதா, பார்க்காதபோதும் சாப்பிடுதா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. போனை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடச் சொன்னார்.

மறுநாள் கோழியை அவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதைத் திருப்பி, உள்ளங்காலைக் காட்டினார். நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுற்றிப் பாதம் முழுக்க வீங்கிச் சூடாக இருந்தது. பாதத்தில் சின்னதாகக் காயம்பட்டு, கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டுகிற நோய். உயரத்திலிருந்து கெட்டியான தரையில் திரும்பத் திரும்பக் குதிக்கிற கோழிகளுக்கு வருமாம். அவை இரவில் உட்கார நான் கட்டிக் கொடுத்த கம்பு தலை உயரத்தில் இருந்தது. கீழே சிமெண்டுத் தரை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு உயரத்தில் கட்டினேன்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“முந்தாநாள்தான் கவனிச்சேன் டாக்டர்.”

“நான் கேட்டது அதை இல்லைங்க. இது எப்படியும் மூணு வாரம் இருக்கும்.”

மூன்று வாரமும் தினம் இரண்டு வேளை நான்தான் தீனி வைத்திருக்கிறேன்.

சீழை எடுத்துச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, ஆன்டிபயாடிக்கோடு மெலாக்சிகாம் என்ற வலி மருந்தையும் சொட்டு மருந்தாகக் கொடுத்தார். மருந்து நிற்கும்வரையிலும், அதற்குப் பிறகு அவர் சொன்ன நாள்கள் வரையிலும் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றார். (கோழி வளர்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாமாக அளவு போட்டுக் கொடுக்கவும் கூடாது.) அடுத்த நாள் பகலில் சாம்பல் கோழி மரத்தடியில் குழி பறித்து, ஒருக்களித்துப் படுத்து, மண்ணை வாரி வாரி இறகுக்குள் போட்டுக்கொண்டு குளித்தது. கோழிகளின் மண்குளியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் பயத்தோடு செய்ய முடியாது. அது மண்குளியல் செய்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. இல்லாத ஒன்றை நான் கவனிக்கவேயில்லை.

அன்று இரவு வீட்டில் கோழிக்கறிதான். நான் சாப்பிட்டேன். தொண்டையில் அடைக்கவெல்லாம் இல்லை, வழக்கம்போலவே ருசியாக இருந்தது. ஆனால் படுத்த பிறகு ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. வலி இல்லாத இடத்தில் வலி மருந்து எதை மாற்றியிருக்கும்?

இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இறைச்சிக்காக வளர்க்கும் கோழிகள் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி இனம் தேர்ந்து உருவாக்கப்பட்டவை. உடம்பு வளர்கிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் பல நொண்டும். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், நொண்டும் கோழிகளுக்கும் நன்றாக நடக்கும் கோழிகளுக்கும் இரண்டு நிறத்தில் தீனி வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து கலந்திருந்தது. எந்தத் தீனியைத் தின்றால் எப்படி இருக்கிறது என்று பழகிய பிறகு, நொண்டும் கோழிகள் மருந்துத் தீனியைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. நொண்டல் எவ்வளவு மோசமோ, அந்த அளவுக்கு மருந்துத் தீனியும் கூடியது.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டால், வலி தெரியும் முன்பே கை விலகிவிடுகிறது. அது வெறும் அனிச்சைச் செயல். அதற்கு மூளைகூட வேண்டாம், தண்டுவடம் போதும். ‘விலங்கு துடிப்பதும் அப்படித்தான், உள்ளே யாரும் இல்லை’ என்ற வாதத்துக்கு இதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு தட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை எந்த அனிச்சைக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு ஒன்று வலிக்கிறது, இதைத் தின்றால் குறைகிறது என்று ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கோழிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கத்தாததால் வலி இல்லை என்று எடுத்துக்கொண்டது நான் மட்டும் இல்லை. 1980-கள் வரை பல மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பு மண்டலம் முதிராத குழந்தை, அதற்குத் தெரியாது, நினைவிருக்காது என்பதுதான் காரணம். உடல் அசையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், குழந்தையும் அசையாது. 1987-இல் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் சேர்ந்தவர்களும் ஃபென்டானில் என்ற வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். மருந்து கொடுத்த குழந்தைகளின் உடலில், நெருக்கடியைக் காட்டும் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன, சிக்கல்களும் குறைவாக வந்தன. சொந்தக் குழந்தைகள் விஷயத்திலேயே இவ்வளவு தாமதம் என்றால், கோழி எந்த வரிசையில் நிற்கும்!

அப்புறம் மீன். என் நண்பன் ஒருவன் தூண்டில் பைத்தியம். மாதம் ஒருமுறையாவது அவனோடு போய்க் கரையில் உட்காருவேன். பிடிபட்ட மீனை வாளியில் போடுவான். அது அரைமணி நேரம் செவுளை விரித்து விரித்து மூடும். “டேய், அதுக்கு வலிக்காதுடா. மீனுக்கு ஏது அந்த மூளை” என்பான். இது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மனிதர்களுக்கு வலி உணர்வு உருவாவதில் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்குப் பங்கு உண்டு, மீனுக்கு அது கிடையாது, ஆகவே வலியும் கிடையாது என்று இப்போதும் வாதிடும் நரம்பியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்முடையது போன்ற அடுக்கடுக்கான புறணி பறவைகளுக்கும் இல்லை. மருந்துத் தீனியைத் தேர்ந்தெடுத்ததோ அந்தப் பறவைதான். 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியலாளர்கள் குழு ஒன்று, அந்தப் புறணி இல்லாததாலேயே ஒரு உயிருக்கு உணர்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது என அறிவித்தது.

மீனையே நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் உயிரியலாளர் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீன்களின் உதட்டில் சிலவற்றுக்குத் தேனீ விஷத்தையும் சிலவற்றுக்கு அசெட்டிக் அமிலத்தையும் செலுத்தினார்கள். அந்த மீன்கள் தொட்டியின் அடித்தரையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடின. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. ஏறக்குறைய மூன்று மணி நேரம் இரை எடுக்கவில்லை. வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டவை அதில் பாதி நேரத்தில் சாப்பிட வந்துவிட்டன. மார்ஃபின் கொடுத்தபோது அந்த ஆட்டமும் தேய்ப்பும் குறைந்தன. மறுபடியும் வலி மருந்துதான் சாட்சி.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், “தேனீ விஷத்தை உதட்டுல ஊசி போட்டவன் நல்லவன், முள்ளுல மாட்டுனவன் கெட்டவனா?” என்றான். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

சரி, வலிக்கிறது என்று ஏற்றுக்கொண்டாயிற்று, என்ன செய்தேன்? இங்கேதான் நான் நன்றாகச் சறுக்கினேன்.

பெரிய விலங்குகளின் கறியை விட்டேன். மாடு, ஆடு, பன்றி எதுவும் வேண்டாம், கோழியும் மீனும் போதும் என்று முடிவெடுத்தேன். கண்ணைப் பார்த்தால் பாவமாக இருப்பவற்றை முதலில் விட்டேன் என்பதுதான் உண்மை. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாட்டில் சுமார் 250 கிலோ கறி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே அளவுக்குக் கோழிக்கறி வேண்டுமென்றால், கோழிக்கு ஒன்றரைக் கிலோ வீதம், 160-க்கும் மேல் கோழிகள் சாக வேண்டும். பொடி மீன் என்றால் ஒரு சாப்பாட்டுக்கே பத்துப் பதினைந்து உயிர். இரக்கத்தின் பேரில் நான் செய்த மாற்றத்தால், என் தட்டுக்காகச் சாகும் உயிர்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. அதுவும் எந்தக் கோழி? ஆறே வாரம் வாழ்ந்து, பல நொண்டிக்கொண்டே முடிகிற அதே கோழி. உலகத்தில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழிகள் கறிக்காகக் கொல்லப்படுகின்றன. தரையில் வாழும் வேறு எந்தக் கறி விலங்கும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது.

சுற்றுச்சூழல் கணக்கு இதற்கு நேர் எதிராகப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு ஆகும் நிலமும் வெளியாகும் மீத்தேனும் கோழிக்கறியைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ‘இதை விட்டு அதைத் தின்னுங்கள்’ என்று யாராவது எளிதாகச் சொன்னால், எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று போனால் எங்காவது இடிக்கும். மொத்தத்தைக் குறைத்தால் இரண்டு கணக்கிலும் குறையும். குறைக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கோழியையும் பொடி மீனையும் முதலில் குறையுங்கள், அவற்றின் இடத்தில் பருப்பையும் பயறையும் வையுங்கள் என்பதே. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம் என்றால் சிப்பி வகை. அவற்றுக்கு மூளை என்று ஒன்று கிடையாது, சில நரம்பு முடிச்சுகள்தான். உணர்வு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நண்டை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்ததில், பிடிக்காத சங்கில் இருந்தவை சீக்கிரம் வெளியேறின, பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தன. வெறும் அனிச்சைக்கு வீட்டின் தரம் பற்றி என்ன அக்கறை? பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாவற்றையும் உணர்வுள்ளவை என்று சேர்த்துக்கொண்டது.

அடுத்த சறுக்கல் எதிர்ப்பக்கத்தில். குற்ற உணர்ச்சியில் முட்டை, பால் உட்பட எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். காரணம் இருந்தது. வணிக முட்டைக்கு வளர்க்கும் இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளால் முட்டையும் இல்லை, லாபமான கறியும் இல்லை என்பதால் பெரும்பாலான நாடுகளில் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. பாலுக்கும் இதே போன்ற கதை உண்டு, காளைக் கன்றை வைத்துக்கொண்டு பால் பண்ணை என்ன செய்யும்? இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து எனக்குப் பாதத்தில் சுருசுருவென்று ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது, மதியமானால் அசதி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. கல்லீரல் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, அதுவரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். போதாக்குறைக்கு, கீரையிலும் பயறிலும் நிறைய இருக்கும் ஃபோலேட் என்ற சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். என் உடம்பும் கத்தாத கோழி மாதிரிதான் நடந்துகொண்டது. இறைச்சியோடு பாலும் முட்டையும் விடுகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பாருங்கள்.

நடுவில் ஒரு காலம், பந்தியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்கிற ஆளாகவும் இருந்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரும் மாறவில்லை, என்னைக் கூப்பிடுவது மட்டும் குறைந்தது. ‘செடிக்கும் உயிர் இருக்கே’ என்ற கேள்வி எல்லாப் பந்தியிலும் வரும். கேட்கிறவர் பதிலுக்காகக் கேட்பதில்லை என்பதால் அதற்கு மல்லுக்கட்டாதீர்கள். உண்மையாகவே கேட்பவருக்கு வேண்டுமானால் சொல்லலாம்: செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஒருவேளை செடிக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ கறிக்குப் பின்னால் பல கிலோ தீனி இருக்கிறது, அதுவும் செடிதான்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதும் பயன்பட்டது விலங்கைக் கையாள்வது பற்றிக் கற்றதுதான். கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அமைதியாகிவிட்டது என்று நினைத்து நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் தூக்கினேன். அது அமைதி கிடையாது. பறவைக்கு நம்மைப் போல மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லாததால், தலைகீழாக இருக்கும்போது குடலும் கல்லீரலும் காற்றுப் பைகளை அழுத்தி மூச்சு சிரமமாகும். அந்த நிலையில் அழுத்த ஹார்மோன் கூடுவதை அளந்திருக்கிறார்கள். பிடிப்பதென்றால் இருட்டிய பிறகு, மங்கிய வெளிச்சத்தில் பிடியுங்கள், இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்து நிமிர்ந்த வாக்கில் தூக்குங்கள். துரத்தல் இருக்காது. வளர்க்கும் எதுவானாலும், அதற்கு உடம்பு சரியில்லையா என்று பார்க்க நேரே போய் நிற்காதீர்கள். தூரத்திலிருந்து பத்து நிமிடம் பாருங்கள், அல்லது போனை வைத்துவிட்டு வாருங்கள். என்ன செய்கிறது என்பதோடு, வழக்கமாகச் செய்யும் எதைச் செய்யவில்லை என்றும் பாருங்கள். வேட்டையாடப்படும் விலங்கு பலவீனத்தைக் காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான், அதனால் நடிக்கும். அதன் கண்ணுக்கு நாமும் வேட்டைக்காரர்தான், என்னைப் பொறுத்தவரை அது தவறான கணிப்பும் இல்லை.

சாம்பல் கோழி அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தது. கடைசியில் வயிற்றுக்குள் முட்டை உடைந்து சீழ் பிடித்து, காப்பாற்ற வழியில்லாமல் மருத்துவரே ஊசி போட்டு முடித்தார். முதலில் மயக்கம், பிறகு மரணம். என் கையில்தான் இருந்தது, மயங்கிய பிறகு அதற்கு வலி தெரிந்திருக்காது. அந்த மரணத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் ஆரோக்கியமான ஆறு வாரக் குஞ்சை இதே போல வலிக்காமல் கொன்றால் சரியாகிவிடுமா என்று யோசித்தால் தடுமாறுகிறேன். வலியும் மரணமும் இரண்டு தனிக் கேள்விகள் என்பது அன்றுதான் உறைத்தது. முதலாவதற்கு அறிவியல் ஓரளவு பதில் சொல்கிறது. இரண்டாவதில் அந்தக் குஞ்சு இழப்பது இன்னும் சில வருட மண்குளியல். அதற்கு என்ன எடை என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. நான் முழுசாகக் கறியை விட்ட ஆள் இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை சாப்பிடுகிறேன், வெட்டும் முன் விலங்கை உணர்விழக்கச் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு. கோழியும் மீனும் தொடுவதில்லை. என் கோழிகளின் முட்டையைச் சாப்பிடுகிறேன். அந்தக் கோழிகளின் உடன்பிறந்த சேவல்கள் எங்கே போயின என்பது எனக்குத் தெரியும் என்பதால், இதைத் தூய்மையான தட்டு என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

நண்பனோடு இன்னும் கரைக்குப் போகிறேன், தூண்டில் இல்லாமல். மீன் தண்ணீருக்கு வெளியே பல நிமிடம் உணர்வோடு இருக்கும் என்றும், பனிக்கட்டியில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நாம் நினைத்திருந்தது தவறு, குளிர்ந்த நீரில் வாழும் மீன்களுக்கு அது இன்னும் நீளும் என்றும் அவனிடம் ஒருமுறை சொன்னேன். பதில் பேசவில்லை. போன மாதம் பார்த்தால் அவன் பையில் குட்டையாக ஒரு மரக்கட்டை. மீன் வந்ததும் முள்ளைக்கூடக் கழற்றாமல், கண்ணுக்கு மேலே தலையில் ஓங்கி ஒரே அடி. மீன் அசையவில்லை. பிறகுதான் வாளியில் போட்டான்.

“என்னடா, வலிக்காதுன்னு சொன்ன?”

“வலிக்காதுதான். துடிக்க விடாம உடனே அடிச்சா கறி நல்லா இருக்குடா.”

அது உண்மையும்கூட. துடித்துத் துடித்துச் சாகிற மீனின் சதை சீக்கிரம் விறைத்துப்போகும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கட்டையைத் தண்ணீரில் அலசி, துண்டால் துடைத்து, பைக்குள் வைத்தான்.